எங்கள் மாரிக்கும் கோடை டயர்தான்

சென்ற ஐப்பசியில், மழை விட்டும் விடாத ஒரு பிற்பகலில், கட்டைபறிச்சானிலிருந்து திருகோணமலைக்குப் புறப்பட்ட சிறிய கார் ஒன்றின் முன்னிருக்கையில் நான் அமர்ந்திருந்தேன். ஓட்டியவன் என் சகோதரியின் மகன். பின்னிருக்கையில் ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவியும் என் சகோதரியும் இருந்தனர். மூதூரைக் கடந்து கிண்ணியாவை அண்மித்தபோது வீதியின் நடுவே நான்கைந்து மாடுகள் நின்றன. எங்கள் பகுதியில் இது செய்தியல்ல. மழை நாளில் மாடுகள் ஈரமான புல்தரையை விட்டுத் தாரின் சூட்டைத் தேடி வருவது வழமை. மருமகன் பிறேக்கை மிதித்தான். வேகம் 60 கிலோமீற்றருக்கு மேல் இருக்கவில்லை. ஆனால் கார் நிற்கவில்லை. சவர்க்காரத்தின் மேல் வைத்த பாத்திரம்போல வழுக்கிச் சென்று, மாடுகளை ஒரு முழ இடைவெளியில் தவிர்த்து, வீதியோரப் புற்றரையில் பாதி இறங்கி நின்றது. மாடுகளும் தப்பின, நாங்களும் தப்பினோம்.

இறங்கி நின்று மூச்சு வாங்கியபின், டயர்களைப் பார்க்கவேண்டும் என்றேன். மருமகனுக்கு மனத்தாங்கல்.

"டயரில பிழை இல்லை மாமா. நாலும் மாரி டயர். மழைக்கெண்டே செய்தது. மாரிக்கு மாரி டயர்தான் போடவேணும் எண்டு கனடா அண்ணாவும் சொன்னவர். கடைக்காரரும் அதைத்தான் சொன்னவர். நல்ல ஜப்பான் டயர்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையின் உருவம். அதனுள் ஒரு பனித்துகள். அருகில் 'ஸ்டட்லெஸ்' என்ற ஆங்கிலச் சொல். இன்னும் சற்றுத் தேடியபோது நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 3814. அதாவது 2014ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் வார்க்கப்பட்ட டயர். பத்து ஆண்டுகளைத் தாண்டியது. பனி உறைந்த வீதிக்கென்றே செய்யப்பட்டது. அது, பனித்துகள் ஒன்றுகூட விழுந்தறியாத கொட்டியாரக் குடாக்கரையில், ஒரு கர்ப்பிணியைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது.

யார்மீது கோபப்படுவது? கடைக்காரர்மீதா, கனடாவிலிருந்து அக்கறையோடு அறிவுரை சொன்னவர்மீதா, நம்பி வாங்கிய மருமகன்மீதா? அன்றிரவு உறக்கம் வராமல் கிடந்தபோது, முதற் குற்றவாளி நான்தான் என்ற முடிவுக்கு வந்தேன்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தி மேசையில் இருந்து ஆங்கிலத்தைத் தமிழாக்கியவன் நான். 'விண்டர்' என்று வந்த இடத்திலெல்லாம் 'மாரி' என்றும், 'சமர்' என்று வந்த இடத்திலெல்லாம் 'கோடை' என்றும் எழுதிக்கொண்டே போனேன். எங்கள் புவியியற் பாடநூல்களும் அப்படித்தான் சொல்லித்தந்தன. இங்கிலாந்தின் மாரிகாலம், ருஷ்யாவின் மாரிகாலம் என்று படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஆனால் மாரி என்றால் எங்கள் மொழியில் மழை. மாரியம்மனிடம் நாங்கள் கேட்பது மழையே அன்றி உறைபனி அன்று. ஐப்பசி தொடங்கித் தைவரை வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மழைக்கு வைத்த பெயரை, நீர் கல்லாகும் குளிருக்கும் வைத்தோம். பத்திரிகையில் அது அச்சுப்பிழையளவுக்கும் உறுத்தவில்லை. ஆனால் அதே சொல் ஒரு டயர் கடைக்குள் நுழைந்தபோது, மனிதரைக் கொல்லக்கூடிய பொய்யாகிவிட்டது.

இதை விளக்கமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

டயர் என்பது கறுப்பு நிறத்து ஒரே பண்டமன்று. இறப்பரோடு எதை எந்த அளவில் கலப்பது என்பதில்தான் அதன் குணம் இருக்கிறது. குளிரில் இறப்பர் இறுகும். இறுகிய இறப்பர் வீதியைப் பற்றாது. ஆகவே குளிர்நாட்டார் மிகுந்த குளிரிலும் இளகியே இருக்கும் கலவையைத் தேடினர். பின்லாந்தில் 1934ஆம் ஆண்டில், பனிவீதிக்கென்றே ஒரு டயர் பாரவண்டிகளுக்காகச் செய்யப்பட்டது. ஜப்பானில் ஆணி பதித்த டயர்கள் வீதியைச் சுரண்டித் தூசி கிளப்பியதால், 1990இல் அவற்றுக்கு எதிராகச் சட்டம் வந்தது. ஆணிக்குப் பதிலாக, நுண்துளைகள் நிறைந்த மென்மையான இறப்பரும், மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான கீறல்களும் கொண்ட டயர் பரவியது. அந்த நுண்துளைகள் பனிக்கட்டியின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சும். கீறல்களின் விளிம்புகள் பனியைக் கவ்வும். 'ஸ்டட்லெஸ்' என்றால் ஆணியில்லாதது என்று பொருள். பனிக்கட்டியின்மேல் அது மேன்மையான கண்டுபிடிப்பு. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஏறத்தாழ 7 பாகை செல்சியஸ் என்ற எல்லையைக் கடந்து வெப்பம் ஏற ஏற நிலைமை தலைகீழாகிறது. அந்த மென்மையான இறப்பர் மேலும் இளகுகிறது. கீறல்களால் துண்டாடப்பட்ட அதன் கட்டைகள் பிறேக் பிடிக்கும்போது வளைந்து நெளிகின்றன. வெப்பமான வீதியில், உலர்ந்த வேளையிலும் நனைந்த வேளையிலும், கார் நிற்க எடுக்கும் தூரம் நீளுகிறது. திருகோணமலையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. சித்திரை நண்பகலில் தார் வீதியின் மேற்பரப்பு 50 பாகையையும் தாண்டும். அப்படியானால் உறைபனி டயருக்கு எங்கள் ஆண்டில் ஒரு நாள்கூட இல்லை. மேலைநாட்டார் கோடை டயர் என்று எதைச் சொல்கிறார்களோ, அதுதான் எங்கள் கோடைக்கும் உரியது. எங்கள் மாரிக்கும் உரியது. அதன் கலவை வெப்பத்தில் குலையாது. அதன் அகன்ற நெடுந்தவாளிப்புகள் மழைநீரை வாரி வெளியேற்றும். வெப்பமான மழைவீதியில் குறைந்த தூரத்தில் நிற்பதற்கென்று அமைக்கப்பட்டது அது. 'கோடை' என்ற சொல்லைக் கேட்டு மழைக்கு ஆகாது என்று ஒதுக்குவது, பெயரைப் பார்த்துப் பெண் கேட்பது போன்றது.

இனி 'பர்போமன்ஸ்' என்ற மந்திரச் சொல்லுக்கு வருகிறேன்.

எங்கள் இளைஞர்களுக்கு அச்சொல்லின் பொருள் வேகமும் தோற்றமும் ஆகும். சிறிய காருக்கு அகன்ற ரிம், அதன்மேல் பட்டிபோல் மெலிந்த டயர், பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும் சில்லு. இதைப் பூட்டிக்கொண்டு படம் எடுத்து வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புகிறார்கள். நான் கேட்கிறேன்: இந்நாட்டில் ஊருக்கு வெளியே காருக்கு விதிக்கப்பட்ட வேக எல்லை 70 கிலோமீற்றர். மணிக்கு 240 கிலோமீற்றர் ஓடத் தகுதி பெற்ற டயரால் உங்களுக்கு என்ன பயன்? செயல்திறன் என்பது ஓடுவதில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கார் ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் டயர்களுக்குக் கட்டாயமாக்கிய தரச்சீட்டில் ஈரவீதிப் பிடிமானத்துக்கு 'ஏ' முதல் எழுத்துத் தரம் இட்டனர். அந்தப் பழைய அளவுகோலில், 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்கும்போது, 'ஏ' தரத்துக்கும் 'எஃப்' தரத்துக்கும் இடையே 18 மீற்றர் வரை வேறுபாடு வரும் என்றார்கள். 18 மீற்றர் என்பது வீதியைக் கடக்கும் பள்ளிக் குழந்தைக்கும் உங்கள் காருக்கும் இடையிலான இடைவெளி. பணம் கொடுத்து வாங்கவேண்டிய செயல்திறன் அதுவே.

ஆகவே சிறிய காருக்கு டயர் தெரிவு செய்பவர் பார்க்கவேண்டியவை சில.

முதலாவது, அளவு. சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்ட தகட்டிலோ கைநூலிலோ அது இருக்கும். எங்கள் வீதிகளில் அதிகமாகக் காணப்படும் சுசுகி வேகன் ஆர் காருக்கு 155/65 ஆர் 14 என்பது பொதுவான அளவு. 155 என்பது அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மை மாற்றியே தீரவேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால், சில்லின் முழு விட்டம் மாறாதிருக்க வேண்டும். மேற்சொன்ன அளவின் முழு விட்டம் ஏறத்தாழ 557 மில்லிமீற்றர். 165/55 ஆர் 15க்கு ஏறத்தாழ 562. இது பொறுக்கத்தக்க வேறுபாடு. இதற்கு மேல் போனால் வேகமானி பொய் சொல்லும். சில்லு உடலில் உரசும்.

இரண்டாவது, சுமைச் சுட்டெண். அளவை அடுத்து 75 என்று இருந்தால் ஒரு டயர் 387 கிலோகிராம் தாங்கும். 74 என்றால் 375. ஐந்து பேரும் இரண்டு நெல்மூட்டையும் ஏறும் எங்கள் கார்களில் இது வெறும் எண்ணல்ல. காருக்கு விதிக்கப்பட்டதைவிடக் குறைந்த சுட்டெண்ணை எக்காரணங்கொண்டும் ஏற்காதீர்கள்.

மூன்றாவது, வயது. நான் கண்ட நான்கு இலக்கங்களை நீங்களும் தேடுங்கள். முதல் இரண்டு வாரம். பின் இரண்டு ஆண்டு. தவாளிப்பு ஆழமாக இருப்பதால் டயர் புதிது என்று பொருளல்ல. இறப்பர் கிடந்தபடியே முதுமையடையும். வெயிலில் கிடந்தால் விரைவாக அடையும்.

நான்காவது, முத்திரை. மலையும் பனித்துகளும் இருந்தால் அது குளிர்நாட்டுக்குரியது, கீழே வைத்துவிடுங்கள். 'எம்', 'எஸ்' என்ற இரண்டு எழுத்துகள் கூட்டற் குறியோடு மட்டும் நின்றால் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் கூறுகிறார் என்பதே பொருள். அது வட அமெரிக்காவின் எல்லாப் பருவ டயர்களிலும் காணப்படும். அதை மட்டும் கொண்டு முடிவு செய்ய முடியாது. மறுபுறம், பந்தயத் திடலுக்கெனச் செய்யப்பட்ட, தவாளிப்பு மிகக் குறைந்த டயர்களும் எங்களுக்கு ஆகா. உலர்ந்த வீதியில் புலி. முதல் மழையில் பூனை.

தெரிவு சரியாக இருந்தாலும் பூட்டும் இடத்தில் கெடுப்பவர் பலர். இரண்டு புதிய டயர் மட்டும் வாங்க முடிந்தவர் அவற்றை முன்னே பூட்டுகிறார். எஞ்சின் முன்சில்லை இழுப்பதால் அதுவே நியாயம் என்று கடையிலும் சொல்கிறார்கள். தவறு. புதியவை பின்னால் இருக்கவேண்டும். முன்சில்லு வழுக்கினால் சாரதிக்கு உடனே தெரியும். வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்சில்லு வழுக்கினால் கார் பம்பரமாகச் சுழலும். எங்களில் பெரும்பாலோர் அதை மீட்கப் பழகியவர்கள் அல்லர். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி பக்கச் சுவரில் இருந்தால் அதை மதியுங்கள். மாற்றிப் பூட்டினால் நீரை வெளியேற்றவேண்டிய தவாளிப்பு தன் வேலையைச் சரிவரச் செய்யாது. காற்று வால்வையும் அப்போதே மாற்றுங்கள். நட்டுகளை வட்டமாக அல்ல, எதிரெதிராக இறுக்குகிறார்களா என்று அருகில் நின்று பாருங்கள். நூறு கிலோமீற்றர் ஓடுவதற்குள் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமானச் சில்லுகளை வைத்துச் செய்து 1963இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தேங்கிய நீரின்மேல் சில்லு எப்போது மிதக்கத் தொடங்கும் என்பதைக் காற்றழுத்தத்தோடு இணைத்தது. அந்தக் கணக்கின்படி 30 இறாத்தல் காற்றுள்ள சில்லு ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வேகத்தில் மிதக்கும்; 20 இறாத்தல் மட்டும் இருந்தால் 75 கிலோமீற்றரிலேயே மிதக்கும். தேய்ந்த டயரும் அகன்ற டயரும் நிலைமையை இன்னும் மோசமாக்கும். மாதம் ஒருமுறை, சில்லு குளிர்ந்திருக்கும் காலை வேளையில் காற்றுப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடமும் ஆகாது. அதைச் செய்யாதவர்தான் நைதரசன் அடிக்கப் பணம் கொடுக்கிறார். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான்.

'இத்தனை காலம் மொட்டை டயரில் ஓடவில்லையா? அப்போது யார் செத்தார்கள்?' என்று என் வயதுக்காரர் கேட்பார்கள். இக்கேள்வியை நான் மதிக்கிறேன், விடையும் சொல்கிறேன். 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபின் அவர்களில் ஒரு பகுதியினர் கட்டைபறிச்சானில் முகாம்களில் இருந்தனர். 2015இல் மீள்குடியேற்றம் தொடங்கும்வரை அது நீடித்தது. செய்தி சேகரிக்க அக்காலத்தில் நான் போனபோது அந்த வீதிகளில் கண்டவை சைக்கிளும் லான்ட்மாஸ்டரும்தான். குழியும் கிரவலும் நிறைந்த பாதையில் 30 கிலோமீற்றருக்கு மேல் யார் ஓட முடியும்? திருகோணமலைக்குப் போகவேண்டுமானால் மூதூரிலிருந்து படகு. அல்லது தரைவழியே ஆற்றுக்கு ஆறு காத்திருந்து 'பாதை'யில் ஏறவேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. அதன்பின் மற்றப் பாலங்களும் வந்தன. வீதிக்குக் காப்பெட் போட்டார்கள். மகிழ்ச்சி. ஆனால் வீதி 80 கிலோமீற்றர் வேகத்துக்கு அழைக்கிறது. சில்லோ 30 கிலோமீற்றர் காலத்திலேயே நிற்கிறது. அன்று எங்களைக் காத்தது மொட்டை டயரல்ல, குழிகள். அவை இன்று இல்லை.

பணம் இல்லையே என்பது அடுத்த முறையீடு. அதில் உண்மை உண்டு. அந்த உண்மையில் அரசுக்கும் பங்குண்டு. 2020இல் அந்நியச் செலாவணியைக் காக்கவென வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் நாடே வங்குரோத்தானது. தனியார் கார்களின் இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கிடைத்ததைப் பூட்டி ஓடப் பழகினோம். அந்தப் பழக்கத்தில்தான் பழைய உறைபனி டயர் 'ஜப்பான் தரம்' என்ற பெயரில் எங்கள் முற்றத்துக்குள் வந்தது. 1876இல் பிரேசில் வித்துகளிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகளைக் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் ஊன்றிய நாடு இது. உலகத் துறைமுகங்களில் சரக்குத் தூக்கும் வண்டிகளுக்குத் திண்ம டயர் அனுப்புவதில் முன்வரிசையில் நிற்கும் நாடு இது. இங்கே ஓர் ஏழைச் சாரதி பிறநாடு கழித்த டயரைத் தேடிப் பிடிக்கிறான். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். காரின் பின்னால் வரும் புகைக்குச் சோதனை உண்டு. காருக்கு அடியில் இருக்கும் நான்கு உள்ளங்கையளவு இறப்பரின் வயதை யாரும் கேட்பதில்லை. பாவித்த டயரை விற்பவர் அதன் ஆண்டையும் பருவத்தையும் தாய்மொழியில் எழுதி ஒட்டியே விற்கவேண்டும் என்று ஒரு விதி செய்ய எத்தனை கோடி வேண்டும்?

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு சொல். கியூபெக்கில் டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து மார்ச் 15வரை உறைபனி டயர் சட்டப்படி கட்டாயம். ஜேர்மனியில் ஒக்டோபரிலிருந்து ஈஸ்டர்வரை என்பது வாய்ப்பாடு. நீங்கள் அதைச் சரியாகவே செய்கிறீர்கள். ஆனால் வசந்தம் வந்தபின், 'இன்னும் ஒரு கோடை ஓட்டித் தேய்த்துவிடுவோம்' என்று அதே டயரில் யூலை மாதத்திலும் ஓடுகிறவர்கள் உங்களுள் உண்டு. கட்டைபறிச்சானில் எங்களுக்கு நேர்ந்தது ரொறன்ரோவிலும் பாரிஸிலும் உங்களுக்கு நேரும். ஊரில் உள்ளவர்களுக்கு அறிவுரை சொல்லும்போது, உங்கள் வாசலில் கிடப்பது பனி, எங்கள் வாசலில் நிற்பது வெள்ளம் என்பதை மறவாதீர்கள். டயருக்கென்று பணம் அனுப்புவதானால் அனுப்புங்கள். அந்த நான்கு இலக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இனி என் எழுத்தில் 'மாரி டயர்' என்ற சொல் வராது. அது 'உறைபனி டயர்'. மற்றது 'வெப்பநாட்டு டயர்'. இன்று செய்தி மேசைகளில் இருக்கும் இளையவர்களையும், விளம்பரம் எழுதுபவர்களையும், பாடநூல் எழுதுபவர்களையும் இதையே கேட்கின்றேன்.

மறுவாரம் மருமகனோடு கடைக்குப் போனேன். அந்தக் கடைக்கல்ல, வேறொன்றுக்கு. வெப்பநாட்டு டயர் நான்கு கேட்டேன். விளங்கவில்லை. 'கோடை டயர்' என்று சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, மாரி தொடங்கிட்டுதே. இப்ப போய்க் கோடை டயர் கேக்கிறியளே?"

மருமகன் சிரித்தான். நான் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.